உங்களுக்குத் தெரியுமா? - கதவைத் திறந்தே வைத்த ஒரு கவிதை இதழ்

அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து 1912 அக்டோபரில் ஒரு மெல்லிய மாத இதழ் வெளிவந்தது. பெயர் 'பொயட்ரி'. கவிதை, கவிதை பற்றிய கட்டுரை, கவிதை நூல் மதிப்புரை. இவை தவிர அதில் வேறு எதற்கும் இடம் கிடையாது.  இரண்டு உலகப் போர்களையும் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தையும் தாண்டி, நூறு வயதைக் கடந்து, அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இதன் பழைய இதழ்களைப் புரட்டினாலே பெரும்பகுதி புரிந்துவிடும். அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் இருக்கும் சில செய்திகள் இங்கே.

பிறந்த கதை

● 'பொயட்ரி'யைத் தொடங்கியவர் ஹேரியட் மன்ரோ என்ற பெண்மணி. அப்போது அவருக்கு வயது 51. பெரிய சொத்து எதுவும் இல்லை. 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழுக்கு ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி விமர்சனம் எழுதிச் சம்பாதித்துவந்தார். இதழ் தொடங்கிய பிறகும் சில காலம் அந்த வேலையை விடவில்லை. தன் இதழிலிருந்து தனக்கென்று தொடக்கத்தில் சம்பளமும் எடுத்துக்கொள்ளவில்லை.

● கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்து 400 ஆண்டுகள் ஆனதையொட்டி சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் அர்ப்பணிப்பு விழாவுக்கு, 1892-இல் நீண்ட கவிதை ஒன்றை எழுதிக் கொடுத்தவர் இதே மன்ரோதான். கேட்டுப் பெற்ற சன்மானம் 1,000 டாலர். விழாவுக்கு முன்பே 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழ் அனுமதியில்லாமல் அந்தக் கவிதையை அச்சிட்டுவிட்டது. மன்ரோ வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவருக்கு 5,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. கவிதையும் எழுதியவரின் உடைமைதான் என்று அமெரிக்கப் பத்திரிகை உலகத்துக்கு உணர்த்திய வழக்குகளில் அதுவும் ஒன்று.

● வழக்கில் வென்ற அந்தக் கவிதை விற்பனையில் தோற்றது. தனிச் சிறுநூலாக அச்சிட்ட பிரதிகளை வாங்க ஆளில்லை. மீந்துபோன கட்டுகளை மன்ரோ குளிர்காலத்தில் தன் அறையின் கணப்பில் போட்டு எரித்தார். கவிதைக்கு முதலில் வாசகரைத் தேட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பது இப்போது புரிகிறதல்லவா?

● அதே கண்காட்சியையொட்டி 1893-இல் நடந்ததுதான் சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமயப் பேரவை. மன்ரோ அங்கே பார்வையாளராக இருந்தார். காவியுடை அணிந்த அந்த இளம் துறவி அவையைக் கட்டிப்போட்ட காட்சியை, பல ஆண்டுகளுக்குப் பிறகு தன்வரலாற்று நூலில் வியப்போடு பதிவு செய்திருக்கிறார்.

● 1910-இல் சீனாவில் இருந்த தங்கையைப் பார்க்கப் புறப்பட்ட மன்ரோ, வழியில் லண்டனில் எல்கின் மேத்யூஸின் புத்தகக் கடைக்குப் போனார். அங்கே அவர் கைக்கு வந்தவை எஸ்ரா பவுண்ட் என்ற, அதிகம் அறியப்படாத இளம் அமெரிக்கரின் கவிதை நூல்கள். சைபீரியா வழியாகப் போன நீண்ட ரயில் பயணத்தில் அவற்றைப் படித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தன் இதழுக்கு எழுதச் சொல்லி அவர் கடிதம் போட்டவர்களில் பவுண்டும் ஒருவர்.

● பணம் எப்படி வந்தது? ஹோபர்ட் சாட்ஃபீல்ட்-டெய்லர் என்ற எழுத்தாளர் ஒரு யோசனை சொன்னார்: நூறு பேரைப் பிடியுங்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 50 டாலர், ஐந்து ஆண்டுகளுக்கு. மன்ரோ சிகாகோவின் வணிக மையத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வழக்கறிஞர்கள், வங்கியாளர்கள், தொழிலதிபர்கள், அவர்களுடைய மனைவிமார் என்று ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேசினார். ஓவியத்துக்கும் இசைக்கும் ஊர் பணம் கொட்டுகிறது, கவிஞன் மட்டும் ஏன் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்பதே அவர் கேட்ட கேள்வி. நூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். புரவலர்களின் பெயர்ப்பட்டியல் இதழின் பின்பக்கங்களில் அச்சானது.

● பணம் சேர்ந்த பிறகும் அவர் அவசரப்படவில்லை. சிகாகோ பொது நூலகத்தில் உட்கார்ந்து, முந்தைய ஐந்தாண்டுகளில் அமெரிக்க, ஆங்கிலேய இதழ்களில் வந்த கவிதைகளைப் படித்தார். நன்றாக எழுதுகிறவர்கள் என்று தோன்றியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, 1912 ஆகஸ்டில் அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அதில் அவர் கொடுத்த வாக்குறுதிகள் எளியவை. உங்கள் கவிதை பத்திரிகையின் மூலையில் இடம் நிரப்பப் போவதில்லை. நீளமாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளப்படாது. எழுதியதற்குப் பணம் தரப்படும்.

● இதழின் விலை 15 சென்ட். ஆண்டுச் சந்தா ஒன்றரை டாலர். சின்ன இதழ்தான், ஆனாலும் முதல் நாளிலிருந்தே கவிஞர்களுக்குச் சன்மானம் கொடுத்தது. கவிதைக்குக் கூலி உண்டு என்பதில் மன்ரோ விடாப்பிடியாக இருந்தார்.

● இரண்டாவது இதழில் மன்ரோ தன் கொள்கையை அறிவித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'திறந்த கதவு'. இந்தக் குழு, அந்தப் பாணி என்று பார்க்க மாட்டோம். யார் எழுதினாலும், எந்த வடிவத்தில் எழுதினாலும் நல்ல கவிதை என்றால் கதவு திறந்திருக்கும். யாப்பு மாறாத மரபுக் கவிதையும் யாப்பை உதறிய புதுக்கவிதையும் ஒரே இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தது இப்படித்தான்.

முதல் மூன்று ஆண்டுகள்

● எஸ்ரா பவுண்ட் லண்டனில் இருந்தபடியே 'பொயட்ரி'யின் வெளிநாட்டு நிருபர் ஆனார். அப்போது அவருக்கு 26 வயது. லண்டனில் யார் புதிதாக எழுதினாலும் பிடித்து, கவிதையை வாங்கி, சிகாகோவுக்குத் தபாலில் சேர்த்துவிடுவார். கூடவே மன்ரோவைத் திட்டியும் கடிதம் எழுதுவார். நல்ல வாசகர்கள் இருந்தால்தான் பெரிய கவிஞர்கள் தோன்றுவார்கள் என்ற வால்ட் விட்மனின் கருத்தை மன்ரோ இதழின் முழக்கமாகவே வைத்திருந்தார். கலைஞனுக்குக் கூட்டம் தேவையில்லை என்பது பவுண்டின் கட்சி. இருவரும் இதை இதழிலேயே விவாதித்துக்கொண்டார்கள். ஆனாலும் அதற்காக அப்போது பிரியவில்லை.

● ரவீந்திரநாத் தாகூரின் கவிதைகளை முதன்முதலில் அமெரிக்காவில் அச்சிட்டது 'பொயட்ரி'தான். 1912 டிசம்பர் இதழில் அவருடைய ஆறு கவிதைகள் வந்தன. லண்டனிலிருந்து அனுப்பியவர் பவுண்ட். அந்த நேரம் தாகூர் இருந்தது, சிகாகோ இருக்கும் அதே இலினாய் மாநிலத்தின் அர்பானாவில். அவருடைய மகன் படித்த பல்கலைக்கழகம் அங்கேதான் இருந்தது. 1913 ஜனவரியில் தாகூர் சிகாகோவுக்கு வந்தார். இதழின் முதல் எண்ணில் இடம்பெற்ற காலஞ்சென்ற கவிஞர் வில்லியம் வான் மூடியின் மனைவி வீட்டில் தங்கினார். அப்போது அமெரிக்காவில் அவரை அறிந்தவர்கள் மிகச் சிலர். அந்த ஆண்டு நவம்பரில்தான் நோபல் பரிசு அறிவிப்பு வந்தது.

● அதே டிசம்பர் இதழுக்கு டபிள்யூ. பி. யேட்ஸும் கவிதைகள் தந்திருந்தார். ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற மூத்த கவிஞர். அவர் கொடுத்த வரிகளில், அவரைக் கேட்காமலேயே பவுண்ட் சில சொற்களைத் திருத்தி சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார். தெரிந்ததும் யேட்ஸ் கோபப்பட்டார். பிறகு நிதானமாகப் பார்த்துவிட்டுச் சில திருத்தங்களை ஏற்றுக்கொண்டார்.

● ஹில்டா டூலிட்டில் என்ற இளம்பெண் தன் கவிதைகளை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தேநீர்க் கூடத்தில் பவுண்டிடம் காட்டினார். படித்துவிட்டு, தாளின் அடியில் 'ஹெச்.டி., இமேஜிஸ்ட்' என்று பவுண்டே எழுதினார். 1913 ஜனவரி 'பொயட்ரி'யில் அந்தப் பெயரோடுதான் கவிதைகள் வந்தன. ஹில்டா வாழ்நாள் முழுக்க ஹெச்.டி. ஆகவே எழுதினார். இமேஜிசம் என்ற படிமக் கவிதை இயக்கம் அமெரிக்க வாசகர்களுக்கு அறிமுகமானதும் அந்தப் பக்கங்களில்தான்.

● பாரிஸ் மெட்ரோ ரயில் நிலையத்தில் பார்த்த முகங்களைப் பற்றி பவுண்ட் முதலில் 30 வரிக் கவிதை எழுதினார். பிடிக்கவில்லை, கிழித்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்துக்கு எழுதினார். ஓராண்டு போன பிறகு இரண்டு வரியில் முடித்தார். தலைப்பை விட்டால் மொத்தம் 14 சொற்கள். 1913 ஏப்ரல் 'பொயட்ரி'யில் அது வெளிவந்தபோது, சொற்களுக்கு நடுவே அங்கங்கே அகலமாக இடம் விட்டு அச்சுக் கோத்திருந்தார்கள். வாசிப்பவர் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதையும் பவுண்ட் தீர்மானித்துவிட்டார். பின்னாளில் நூல்களில் அந்த இடைவெளிகள் மறைந்துபோயின.

● ஜாய்ஸ் கில்மரின் 'ட்ரீஸ்' என்ற 12 வரிக் கவிதை 1913 ஆகஸ்ட் இதழில் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கவிதையாகி, இசையமைக்கப்பட்டு, அமெரிக்காவின் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. எழுதிய கில்மர் 1918-இல், 31 வயதில், பிரான்ஸ் போர்க்களத்தில் கொல்லப்பட்டார்.

● 1913-இல் 'பொயட்ரி' முதல் பரிசை அறிவித்தது. தொகை 250 டாலர், பெற்றவர் யேட்ஸ். அன்றைய கணக்கில் சுமார் 50 பவுண்டு. தனக்கென ஒரு புத்தக முத்திரைச் சீட்டு வரையச் செய்ய 10 பவுண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி 40-ஐ இளைஞர் யாருக்காவது கொடுங்கள் என்றார். பவுண்டின் பெயரையும் அவரே சொன்னார். பவுண்ட் அந்தப் பணத்தில் ஒரு தட்டச்சுப்பொறி வாங்கினார். கோதியே-பிரெஸ்கா என்ற ஏழைச் சிற்பியிடம் இரண்டு சிறு சிலைகளும் வாங்கினார். சிகாகோவின் புரவலர் ஒருவர் கொடுத்த 50 டாலர் எத்தனை கைகளைத் தாண்டி, எத்தனை கலைகளுக்குச் சோறு போட்டது பாருங்கள்.

● 1914 மார்ச்சில் யேட்ஸ் சிகாகோவுக்கு வந்தபோது 'பொயட்ரி' அவருக்கு விருந்து கொடுத்தது. அந்த மேடையில் வேச்சல் லிண்ட்சே தன் 'காங்கோ' கவிதையைத் தாளம் தப்பாமல், குரலை ஏற்றி இறக்கி முழங்கினார். ஊர் ஊராக நடந்து, கவிதை சொல்லிச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். அவரை அந்தக் கூட்டத்தில் யேட்ஸ் பாராட்டிப் பேசியது அவர் புகழைப் பெரிதும் உயர்த்தியது.

● அதே மார்ச் இதழின் முதல் பக்கத்தில் கார்ல் சாண்ட்பர்க் எழுதிய 'சிகாகோ'. இறைச்சிக் கொட்டடிகளும் ரயில் தண்டவாளங்களும் வியர்வையும் நிறைந்த தொழிலாளர் நகரை வசன நடையில் பாடிய கவிதை. கவிதையில் இப்படியெல்லாமா எழுதுவது என்று சிகாகோவின் 'டயல்' இதழ் கண்டித்தது. மன்ரோவுக்கே முதல் வரி அதிர்ச்சி தந்ததுதான். ஆனாலும் முதலிடத்தில் போட்டார். இதழ் வழங்கிய லெவின்சன் பரிசையும் அந்த ஆண்டு சாண்ட்பர்க்குக்கே கொடுத்தார்கள்.

காத்திருந்தவை, வெட்டுப்பட்டவை

● டி. எஸ். எலியட்டின் 'புரூஃப்ராக்' கவிதையை பவுண்ட் அனுப்பியது 1914 அக்டோபரில். அச்சானது 1915 ஜூனில். நடுவில் எட்டு மாதம். முடிவு சோர்வாக இருக்கிறது, மாற்ற முடியுமா என்பது மன்ரோவின் தயக்கம். ஒரு சொல்லும் மாறாது என்பது பவுண்டின் பிடிவாதம். கடைசியில் இதழின் பின்பகுதியில் ஓர் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு லெவின்சன் பரிசு லிண்ட்சேவுக்குப் போனது. எலியட்டுக்கு அப்போது 26 வயது. இன்று அந்த இதழைத் தேடுகிறவர்கள் அந்தப் பின்பக்கங்களுக்காகத்தான் தேடுகிறார்கள்.

● 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் 'பொயட்ரி' போர்க் கவிதைப் போட்டி வைத்தது. இதழ் பக்கம் கட்டி மெய்ப்புப் பார்க்கும் நிலையில் இருந்தபோது, பெயர் தெரியாத ஒருவரின் கவிதைகள் வந்து சேர்ந்தன. படித்ததும் மன்ரோ கட்டிய பக்கங்களைக் கலைத்து இடம் ஒதுக்கினார். அனுப்பியவர் நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த வழக்கறிஞர், வாலஸ் ஸ்டீவன்ஸ்.

● அதே ஸ்டீவன்ஸ் மறுஆண்டு 'சண்டே மார்னிங்' அனுப்பினார். மொத்தம் எட்டுப் பத்திகள். மன்ரோ குறைக்கச் சொன்னார்; 1915 நவம்பரில் ஐந்து மட்டும், வரிசையும் மாறி வெளிவந்தன. 1923-இல் தன் முதல் நூலில் ஸ்டீவன்ஸ் எட்டையும் பழைய வரிசையிலேயே வைத்தார். ஆளைக் கண்டுபிடித்தவரும் கவிதையைக் குறைத்தவரும் ஒரே ஆசிரியர்தான். கண்டுபிடித்ததற்கு நன்றி சொல்லும்போது, வெட்டியது தவறு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

● ஐசக் ரோசன்பர்க் லண்டனின் ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை; ஓவியர், கவிஞர், சாதாரணப் படைவீரர். பதுங்குகுழியில் ஓர் எலி குறுக்கே ஓடுவதைப் பார்த்து அவர் எழுதிய கவிதை 1916 டிசம்பர் 'பொயட்ரி'யில் வந்தது. முதல் உலகப் போரின் மிகச் சிறந்த ஆங்கிலக் கவிதைகளில் ஒன்றாக இன்று அதை மதிக்கிறார்கள். 1918 ஏப்ரல் 1 அன்று அவர் போரில் இறந்தார். வயது 27.

● எர்னெஸ்ட் ஹெமிங்வே நாவலாசிரியர் ஆவதற்கு முன் கவிஞராக 'பொயட்ரி'யில் வந்திருக்கிறார். 1923 ஜனவரி இதழில் அவருடைய ஆறு குறுங்கவிதைகள் உள்ளன. அவர் பிறந்த ஓக் பார்க் சிகாகோவை ஒட்டிய ஊர்.

● ஹார்ட் கிரேன் 1926-இல் ஒரு கவிதை அனுப்பினார். பதினாறே வரி. மன்ரோவுக்குப் பல உவமைகள் விளங்கவில்லை. இது எப்படிப் பொருந்தும், அது எப்படி நடக்கும் என்று ஒளிவுமறைவின்றிக் கேட்டு எழுதினார். கிரேன் கவிதையைவிடப் பல மடங்கு நீளமான பதில் எழுதினார். கவிதையில் தர்க்கம் வேறு வழியில் நடக்கிறது என்பது அவர் வாதம். மன்ரோ செய்த காரியம் போற்றத்தக்கது: கவிதை, தன் கேள்விகள், கிரேனின் பதில் மூன்றையும் சேர்த்தே அச்சிட்டார். தனக்குப் புரியவில்லை என்று சொல்ல அந்த ஆசிரியர் வெட்கப்படவில்லை. அதனால் நமக்குக் கிடைத்தது, நவீனக் கவிதையை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு முக்கியமான ஆவணம்.

● 1931 பிப்ரவரி இதழை முழுக்க ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தார் மன்ரோ. பெயர் லூயி சுகோஃப்ஸ்கி. பவுண்டின் வற்புறுத்தல் அது. 'அப்ஜெக்டிவிஸ்ட்' என்று அறியப்படும் கவிஞர் குழுவுக்குப் பெயர் கிடைத்தது அந்த ஒரு சிறப்பிதழால்தான்.

● ஜான் ஆஷ்பெரிக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக்கூடாது. பள்ளியில் உடன் படித்த ஒருவர் ஆஷ்பெரியின் இரண்டு கவிதைகளைத் திருடி, வேறு பெயரில் 'பொயட்ரி'க்கு அனுப்பினார். 1945-இல் அவை அச்சாகிவிட்டன. இது தெரியாத ஆஷ்பெரி அதே கவிதைகளைத் தானும் அனுப்பியிருந்தார். திருடியவர் இவர்தான் என்று ஆசிரியர் குழு நினைத்திருக்கும் என்ற அச்சம் அவரை வாட்டியது. பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த கவிஞர்களில் ஒருவராகி, தன் சொந்தப் பெயரில் அதே இதழில் பலமுறை எழுதினார்.

● சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்த கறுப்பினக் கவிஞர் க்வெண்டொலின் ப்ரூக்ஸின் கவிதைகள் 1944 நவம்பரில் 'பொயட்ரி'யில் முதன்முதலாக வந்தன. ஆறே ஆண்டுகளில், 1950-இல், புலிட்சர் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார்.

● பள்ளிக்குப் போகாமல் பில்லியர்ட்ஸ் ஆடும் ஏழு பையன்களைப் பற்றி ப்ரூக்ஸ் எழுதிய எட்டு வரிக் கவிதை 1959 செப்டம்பர் இதழில் வந்தது. மொத்தம் 24 சொற்கள். எல்லாமே ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள். 'நாம்' என்ற சொல்லை அவர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்துகிறார். கடைசி வரியின் முடிவில் மட்டும் அது இல்லை. அந்தப் பையன்களின் ஆயுள் முடிந்துவிட்டது என்பதை அந்த வெற்றிடம் சொல்லிவிடுகிறது.

ஆசிரியர் நாற்காலி

● மன்ரோவின் முதல் துணை ஆசிரியர் ஆலிஸ் கார்பின் ஹெண்டர்சன். தபாலில் வரும் கையெழுத்துப் பிரதிகளை முதலில் படித்தவர் அவர். சாண்ட்பர்க்கின் கவிதைகளை இனம் கண்டதும் அவர் கண்தான். காசநோயால் 1916-இல் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகருக்குப் போக நேர்ந்தது. மன்ரோவும் அவரும் சேர்ந்து தொகுத்த 'த நியூ பொயட்ரி' நூல் 1917-இல் வந்தது.

● மன்ரோ 24 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1936-இல் அர்ஜென்டினாவில் நடந்த பென் எழுத்தாளர் மாநாட்டுக்குப் போனார். வயது 75. திரும்பும் வழியில் மச்சு பிச்சுவைப் பார்க்க ஆசைப்பட்டு பெரு நாட்டின் மலைகளில் ஏறினார். செப்டம்பர் 26 அன்று அரெக்கிப்பா நகரில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அவர் சேர்த்த நூல்களும் கடிதங்களும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

● அடுத்து வந்தவர்களும் எழுத்தாளர்களே. ஜார்ஜ் தில்லன் 1932-இலேயே புலிட்சர் வாங்கியவர். கார்ல் ஷபீரோ, இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனையில் படைவீரராக இருந்துகொண்டு எழுதிய நூலுக்காக 1945-இல் புலிட்சர் வாங்கியவர். பீட்டர் டி வ்ரீஸ் பின்னாளில் 'நியூயார்க்கர்' இதழில் சேர்ந்து நகைச்சுவை நாவல்களால் புகழ் பெற்றார்.

● 1955 முதல் 1969 வரை ஆசிரியராக இருந்த ஹென்றி ராகோ பிற நாட்டுக் கவிதைகளுக்குச் சிறப்பிதழ்கள் கொண்டுவந்தார். 1959 ஜனவரி இதழ் இந்தியக் கவிதைச் சிறப்பிதழ். அதைத் தொகுத்தவர் ஓர் ஈழத் தமிழர்: எம். ஜே. தம்பிமுத்து. 1939-இல் லண்டனில் 'பொயட்ரி லண்டன்' இதழைத் தொடங்கி, போர்க்காலத்தில் குண்டுமழைக்கு நடுவே ஆங்கிலக் கவிஞர்களை அச்சேற்றியவர் அவர். மன்ரோவைப் போலவே இவரும் கவிதைக்காக வாழ்நாளைக் கொடுத்த இதழாசிரியர். தமிழர்கள் அவரை இன்னும் அதிகம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

● வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1972 செப்டம்பர் இதழை அப்போதைய ஆசிரியர் டேரில் ஹைன் போர் எதிர்ப்புச் சிறப்பிதழாகக் கொண்டுவந்தார்.

● திறந்த கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருந்ததா? இந்தக் கேள்வி 2020-இல் பலமாக எழுந்தது. இதழை நடத்தும் அறக்கட்டளை இனவெறிக்கு எதிராகப் போதுமான அளவு நிற்கவில்லை என்று 1,800-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். தலைவரும் அறங்காவலர் குழுத் தலைவரும் விலகினார்கள். அதே ஆண்டு ஆசிரியரும் விலகினார். 2022-இல் ஏட்ரியன் மடேக்கா ஆசிரியர் ஆனார். நூற்றுப்பத்து ஆண்டு வரலாற்றில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

பணம் வந்த கதை

● பல பத்தாண்டுகள் 'பொயட்ரி' கைக்கும் வாய்க்குமாகத்தான் ஓடியது. 1941-இல் இதழைக் காக்க 'மாடர்ன் பொயட்ரி அசோசியேஷன்' என்ற சங்கம் அமைந்தது. நியூபெர்ரி நூலகக் கட்டடத்தில் சின்ன இடத்தில், நான்கே பேர் வேலை செய்த காலமும் உண்டு.

● ரூத் லில்லி என்ற அம்மையார் 1970-களில் தன் கவிதைகளை 'பொயட்ரி'க்கு அனுப்பிவந்தார். ஒன்றுகூட அச்சாகவில்லை. ஆனால் கவிதைகள் திரும்பும்போது வெறும் அச்சடித்த சீட்டோடு திரும்பவில்லை. ஆசிரியர் குழுவில் இருந்த ஜோசப் பாரிசி கைப்பட நாலு வார்த்தை அன்பாக எழுதி அனுப்புவார். அந்த அம்மையார் ஈலை லில்லி மருந்து நிறுவனக் குடும்பத்து வாரிசு என்பது பின்னால்தான் தெரிந்தது. 1986-இல் தன் பெயரில் கவிதைப் பரிசு நிறுவப் பணம் கொடுத்தார். 2002 நவம்பரில், இதழின் 90-ஆம் ஆண்டு விருந்தில் வந்த அறிவிப்பு எல்லோரையும் திகைக்க வைத்தது: சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள நன்கொடை. பங்குகளின் மதிப்பு கூடியதில் அது 20 கோடி வரை போனது. கவிதை நிராகரிக்கப்பட்டதில் அவருக்கு மனத்தாங்கல் இருக்கவில்லை. அவர் கொடுத்தார் என்பதற்காக அவர் கவிதையை இதழும் அச்சிடவில்லை. இருபக்கமும் நேர்மை இருந்தது.

● அந்த நன்கொடையால் 2003-இல் 'பொயட்ரி ஃபவுண்டேஷன்' உருவானது. 2011 ஜூனில் சிகாகோவில் சொந்தக் கட்டடம் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஜான் ரோனன். உள்ளே கவிதைக்கு மட்டுமேயான நூலகம் இருக்கிறது, 30,000 நூல்கள். யாரும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம்.

● இன்று ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கவிதைகள் 'பொயட்ரி'க்கு வருகின்றன. அச்சாவது சில நூறு. 1912 முதல் இதழிலிருந்து பழைய இதழ்கள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும் வசதி செய்திருக்கிறார்கள். 1915 ஜூன் இதழின் பின்பக்கங்களை இன்று நீங்களே திறந்து பார்க்கலாம்.

● கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த இதழ் 20 கோடி டாலரால் பிறந்ததல்ல. ஆண்டுக்கு 50 டாலர் தர முன்வந்த நூறு பேராலும், ஒன்றரை டாலர் சந்தா கட்டிய வாசகர்களாலும் பிறந்தது. உங்களுக்குப் பிடித்த கவிதை இதழ் ஒன்று இருந்தால், கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். ஓராண்டுச் சந்தா கட்டுங்கள். பெரிய கொடை வரும்வரை ஓர் இதழ் உயிரோடு இருப்பது உங்களால்தான்.